வாராவாரம் போர்டு கேம்: முதலில் தோற்றவர் என்ன செய்வார்?

சனிக்கிழமை இரவு. நாலு நண்பர்கள் மோனோபோலி ஆடுகிறார்கள். ஒன்பது மணிக்கே ஒருவர் திவால். மற்ற மூவரும் முடிக்கும்வரை அவருக்கு மொபைல்தான் துணை. அடுத்த வாரம் கூப்பிட்டால், 'வேலை இருக்குப்பா' என்பார்.

கிளாஸ் டாய்பர் வடிவமைத்து 1995-ல் ஜெர்மனியில் வெளியான 'கேட்டன்' ஆட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. யாரும் பாதியில் வெளியேறுவதில்லை. முதலில் 10 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. அடுத்தவர் பகடை உருட்டும்போதும் உங்களுக்குச் செங்கல், கோதுமை கிடைக்கலாம் என்பதால் போனை எடுக்கத் தோன்றாது. 'செங்கல் தர்றேன், கம்பளி இருக்கா?' என்ற பேரம்தான் நிஜ ஆட்டமே!

ஆனால் அடிப்படை செட்டில் 4 பேர்தான் ஆட முடியும். ஆறு பேர் வந்தால் இரண்டு அணியாகப் பிரிந்து 'கோட்நேம்ஸ்' ஆடலாம்.

தோற்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்பவர் இருக்கிறாரா? 'பாண்டமிக்' எடுங்க. நோய்களுக்கு எதிராக எல்லோரும் ஒரே அணி. ஒருவரே எல்லோருக்கும் உத்தரவு போட ஆரம்பித்தால் மட்டும் கடுப்பாகும்.