பரிசுப் பொருளும் ஆள்வேட்டையும்

குற்றம் புரிந்து தலைமறைவாய்த் திரியும் ஒருவனைப் பிடித்துக் கொடுப்பார்க்கு இத்துணைப் பொருள் பரிசளிக்கப்படும் என அரசாங்கத்தார் அறிவித்தல் நெடுநாளைய வழக்கமாகும். அவ்வறிவிப்பைக் கண்டு, அத்தொழிலிற் பயிற்சியில்லாத பொதுமக்கள் தாமே வேட்டைக்குப் புறப்படுதல் தக்கதோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். விடுதியில் ஓரிரவு உணவின்பின் இவ்வினா எழுந்தது. “துணிவுள்ள இளைஞர் பதின்மர் கூடினால் ஆகாதது என்னை?” என்றார் நண்பரொருவர். எம்முட் சிலர் தருமபுரி மாவட்டத்தினர். தம் ஊர் முதியோர் வாயிலாகக் கேட்டறிந்தவற்றால் அவர்கள் அவ்வினாவிற்கு உடனே விடை கூறாது வாளாவிருந்தனர். அவ்வமைதியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

முதற்கண் சட்டம் யாது கூறுகின்றது என நோக்குவோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு, தம் கண்ணெதிரே ஜாமீனில் விடத்தகாத பெருங்குற்றம் புரிவானையும், தேடப்படும் குற்றவாளியென நீதிமன்றத்தாற் பிரகடனம் செய்யப்பட்டானையும் எவரும் பிடிக்கலாம் என்கின்றது. பிடித்தவனை ஆறு மணி நேரத்திற்குள் போலீசாரிடம் ஒப்புவித்தல் வேண்டும். ஆகவே சட்டம் கதவை முற்றிலும் அடைத்துவிடவில்லை. ஆயினும், பிறர் மனையுட் புகுந்து தேடுதற்கோ, ஐயத்திற்குரியவரை அடித்து வினவுதற்கோ அஃது உரிமை அளிக்கவில்லை. எதிர்ப்பட்டவனைப் பிடித்தல் வேறு. பொருள் கருதித் தேடித் திரிதல் வேறு.

இனி, நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். தருமபுரி, சேலம், ஈரோடு ஆகிய பகுதிகளின் மலைக்காடுகளிலும் அவற்றை அடுத்த கர்நாடகக் காடுகளிலும் பல்லாண்டு திரிந்த வீரப்பன் தலைக்குப் பெரும்பொருள் விலையாகக் கூறப்பட்டிருந்தது. 1991 நவம்பரில் வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸ், சரணடைவதாக வந்த சொல்லை நம்பிச் சென்று கொல்லப்பட்டார். 1993 ஏப்ரல் 9இல் பாலாற்றினருகே நிகழ்ந்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அவர்களுட் போலீசார் மட்டுமன்று, துப்புச் சொல்லவும் வழிகாட்டவும் உடன்சென்ற எளிய மக்களும் இருந்தனர். துப்புக் கொடுத்தார் என்னும் ஐயம் ஒன்றினாலேயே உயிரிழந்த மலைவாழ் மக்களும் உளர். காட்டை அறிந்தாரும் துப்பாக்கி தாங்கினாரும் வீழ்ந்த விடத்தில், பதின்மர் இளைஞரின் துணிவு எம்மட்டு?

உயிரச்சம் ஒருபுறமிருக்க, அதனினும் கொடியது ஆள்மாறாட்டம். தமிழ் பயில்வார்க்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே கோவலனைக் கள்வனெனக் காட்டினான். உடன்சென்ற காவலருட் சிலர் கோவலன் தோற்றங்கண்டு தயங்கினர். பொற்கொல்லன் சொல்வன்மையால் அத்தயக்கம் வலியிழந்தது. கட்குடித்த ஒருவன் வாளை வீசினான். பின்னர் உண்மை வெளிப்பட்டும் போன உயிர் மீண்டிலது. பொருள்மேற் கண்வைத்து நோக்குவானுக்கு, எதிரே வரும் அயலூரான் எவனும் தேடப்படுபவனாகவே தோன்றுவான்.

மூன்றாவது தீங்கு பேராசையினின்று பிறப்பது. இங்கிலாந்தில் 1692இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, வழிப்பறி செய்வானைப் பிடித்துத் தண்டனை பெறச் செய்தார்க்கு 40 பவுன் பரிசு விதித்தது. அதனாற் ‘கள்வர் பிடிப்போர்’ என்றொரு கூட்டம் தோன்றிற்று. அவருள் முதன்மையான ஜோனதன் வைல்டு என்பான், தானே கள்வர் கூட்டமொன்றை நடத்தி, தனக்கு அடங்காதாரைப் பிடித்துக் கொடுத்துப் பரிசும் புகழும் பெற்றான். 1725இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்டான். பின்னும் 1754இல், இளைஞரைத் திருடத் தூண்டிப் பின் பிடித்துக் கொடுத்துப் பரிசு பெற்ற கும்பலொன்று அந்நாட்டில் வெளிப்பட்டது. பிடிப்பதற்குக் கூலியெனின், பிடிபடுவார் குறைதலைக் கூலியாள் விரும்புவானல்லன்.

“முறையாக நியமிக்கப்பட்ட படையினரும் தவறு செய்திலரோ?” என வினவலாம். செய்தனர். 1992 ஜூன் 20இல், கடத்திய சந்தனக்கட்டையைத் தேடுவதாகக் கூறி அரூரையடுத்த வாச்சாத்திக்குச் சென்ற வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறையினர் அம்மலைவாழ் மக்களுக்கிழைத்த கொடுமை சொல்லுந் தரத்ததன்று. வீரப்பனைத் தேடிய இருமாநில அதிரடிப்படையாற் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் பணித்தது. ஆனால் ஒன்று கருதுக. வாச்சாத்தி வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் உயிரோடிருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. காலந் தாழ்ந்ததேனும் நீதி அவர்களை எட்டியதற்குக் காரணம், அவர்தம் பெயரும் பதவியும் ஏட்டில் இருந்தமையே. பேரும் ஏடுமில்லாப் பரிசு வேட்டைக்காரன் தவறிழைப்பின், ஏழைக் குடியானவன் எவர் வாயிலில் நின்று முறையிடுவான்?

அங்ஙனமாயிற் பரிசறிவிப்பே வேண்டாவோ எனின், அவ்வாறு கூறோம். காட்டோரத்து ஆயனும் தேன் எடுப்பானும் அறிந்ததைத் தலைநகரிலிருப்பார் அறியார். அறிந்ததை மறைவாக அறிவித்தல் குடிமகன் கடமை. அதனால் அவனுக்கு வரும் இடரை நோக்கின் அரசு பொருளுதவுதலும் முறையே. முப்பது வெள்ளிக்காசின் கதையை இளமை முதற் கேட்டு வளர்ந்த நம்மவர், துப்புரைப்பார் யாவரையும் காட்டிக்கொடுப்பவரென இகழ்தல் கூடாது. குற்றமற்றானை விற்றலும், கொலைஞனிடமிருந்து ஊரைக் காத்தலும் ஒன்றாகா. ஆயின் அவன் பெயர் வெளிவராமற் காத்தல் அரசின் பொறுப்பு. அது தவறின் பரிசே அவனுக்குக் கூற்றாகும்.

2004 அக்டோபர் 18இல் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியருகே வீரப்பன் வாழ்வு முடிந்தது. அதனை முடித்தவர் தனி வேட்டைக்காரரல்லர். விஜயகுமார் தலைமையிலான சிறப்பு அதிரடிப்படையினர், நெடுநாள் சூழ்ந்து, ஆம்புலன்ஸ் வண்டியொன்றில் அவனை ஏறச்செய்து அவ்விடம் கொணர்ந்தனர். அப்படையினர் 752 பேருக்குத் தலைக்கு 3 இலட்சம் ரூபாயும் வீட்டுமனையும் பதவி உயர்வும் தமிழ்நாட்டரசால் அறிவிக்கப்பட்டன. அவனை உயிருடன் பிடித்து நீதிமன்றில் நிறுத்தியிருப்பின் இன்னும் எத்துணையோ உண்மைகள் வெளிப்பட்டிருக்குமே என்னும் எண்ணம் இன்றும் பலர்க்குண்டு.

ஆதலின் விடுதி நண்பர்க்கு நாம் கூறும் விடை இதுவே: காண்க, தெளிக, உரியாரிடம் உரைக்க; வேட்டைக்கு மட்டும் புறப்படற்க. மனிதன் தலைக்கு விலை கூறப்படும் நாளில், நம் கையில் இருக்க வேண்டுவது துப்பாக்கியன்று, துலாக்கோல்.