வெண்ணெய் திரளும் வேளை

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை வகுப்பறையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். திரளும் வேளைக்குரிய அந்தப் பதற்றத்தைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை அயர்லாந்துக் குடியானவரும் நன்கறிந்திருந்தனர்.

அன்பான நேயர்களே, அவர்கள் கடைந்தது பாலாடையை. அகன்ற மட்பாண்டங்களிற் பாலை ஊற்றிவைத்து, மேலே படியும் ஆடையை வழித்தெடுத்து, சில நாள் புளிக்கவிட்டு, உயரமான மரத்தாழியில் இடுவர். அவர்களது மத்து நீண்டதொரு தடி; அதன் அடியிலே துளையிட்ட பலகை. அதை மேலும் கீழுமாக இடித்துக்கொண்டேயிருக்க வேண்டும். ஒருவர் களைத்தால் மற்றவர் வாங்கிக்கொள்வார்.

அவ்வேளை வீட்டுக்குள் எவர் நுழைந்தாலும், வேலையைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று வாழ்த்தி, தாமும் சிறிது கடைந்துவிட்டே போகவேண்டும். கைகொடாது போனவர் வெண்ணெயின் பேற்றையே கொண்டுபோய்விட்டார் என்று ஐயுறுவர். தாழியின் கீழ்த் தணலோ குதிரை லாடமோ வைப்பதுமுண்டு. மே மாதம் முதலாந் திகதி வீட்டிலிருந்து நெருப்பும் பாலும் வெளியே கொடார். அன்று விடியலில் அயலவர் புல்வெளியின் பனியைத் துணியால் ஒற்றி, அவர்களது வெண்ணெயைக் கவர்வார் உண்டென்பது நம்பிக்கை.

இவற்றை மூடநம்பிக்கையென ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பாலாடை மிகக் குளிர்ந்தாலும் மிகச் சூடேறினாலும் வெண்ணெய் ஒழுங்காகத் திரளாது. வெப்பமானி இல்லாத வீட்டில் இக்காரணம் எப்படித் தெரியும்? வெண்ணெய் விற்ற காசிலே குத்தகை கட்டிய குடும்பங்கள் பல. கோர்க் நகரத்துச் சந்தையிலிருந்து 18ஆம் நூற்றாண்டிலேயே அது மேற்கிந்தியத் தீவுகள் வரை கப்பலேறியது. ஆகவே, அயலவர்மேல் எழுந்த ஐயத்தின் அடியில் வறுமையைப் பற்றிய அச்சம் இருந்தது. அந்த அச்சத்துக்குச் சமூகம் கண்ட பரிகாரம் அழகானது: ஐயத்துக்குரியவரையே உதவியாளராக்கி, மத்தை அவர் கையிற் கொடுத்துவிட்டது.

கடைந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெண்ணெய்க் காசும் அவர்கள் கையிற் புழங்கியது. 1889இல் லிமெரிக் பகுதியில் முதலாவது கூட்டுறவுப் பாற்சாலை தோன்றியது. பின்னர் இவை பரவப் பரவப் பெண்களின் கையுளைவு தணிந்தது. பல வீடுகளிற் பாற்காசு ஆண்களிடம் போயிற்று.

1995இல் நோபல் பரிசு பெற்ற ஷேமஸ் ஹீனி பண்ணை வீட்டுப் பிள்ளை. 1966இல் வெளிவந்த தமது தொகுதியிற் கடையும் நாளைப் பற்றியே ஒரு கவிதை வைத்தார். வீட்டுப் பெண்களின் உழைப்பு இவ்வாறு இலக்கியத்தில் இடம்பெற்றது.