சிரிக்கத் தெரிந்த தந்தை

எமது பகுதிகளிலே ஒரு குடும்பத் தலைவர் இறைபதம் அடைந்தால், 31ஆம் நாள் திருப்பலியின் பின் நினைவு மலர் ஒன்று வந்தோரின் கைகளில் வழங்கப்படுவது வழக்கம். அன்னார் கடமை தவறாதவர், கண்டிப்பானவர், பிள்ளைகளை ஆளாக்கியவர் என்றெல்லாம் அதிலே எழுதப்பட்டிருக்கும். அவை உண்மைகளே. ஆயினும் அதே வீட்டு முற்றத்திலே, பந்தலின் கீழ் அமர்ந்து பிள்ளைகள் தமக்குள் கதைப்பது வேறொன்று. அப்பா அயலவரைப்போல நடித்துக் காட்டிய விதம், மழை இரவுகளில் சொன்ன பேய்க்கதை, அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கித் தந்த ஐஸ்பழம். அந்தச் சிரிப்பு நினைவு மலரில் இடம்பெறுவதில்லை. மறைந்தவரின் மரியாதைக்கு அது குறைவென்று எண்ணுகிறோம் போலும்.

திருச்சபை புனிதராக உயர்த்திய ஒரு தந்தையின் நினைவு நமக்குக் கிடைத்திருப்பதோ இதற்கு நேர்மாறான விதத்தில். அவரைப் பற்றி எழுதிய மகள், அவருடைய விளையாட்டுக்களை ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார். அம்மகள் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. தந்தையின் பெயர் லூயி மார்ட்டின்.

1823இல் பிறந்த லூயி, இளமையில் துறவியாக விரும்பி அல்ப்ஸ் மலையிலுள்ள புனித பெர்நாட் மடத்தின் கதவைத் தட்டினார். இலத்தீன் மொழி கற்று வரும்படி திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் பிரான்சின் அலன்சோன் நகரிலே கடிகாரம் திருத்துபவராகக் கடை நடத்தினார். 1858 ஜூலையில், சரிகைப் பின்னல் தொழில் செய்த செலியைத் திருமணம் செய்தார். பிறந்த பிள்ளைகள் ஒன்பது. 1867 முதல் 1870 வரையிலான நான்கு ஆண்டுகளுக்குள் அவர்களில் நால்வரை அடக்கம் செய்தார்கள். அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது என்றால், துன்பம் எட்டிப் பார்க்காத வீடு அது என்று எவரும் நினைக்க வேண்டாம்.

லூயி நல்ல குரல் வளம் உடையவர். பறவைகளின் ஒலிகளை அப்படியே எழுப்பிக் காட்டுவார். பிள்ளைகளுக்குச் சின்னஞ்சிறு விளையாட்டுப் பொருட்களைத் தம் கையாலேயே செய்துகொடுப்பார். தூண்டிலோடு ஆற்றங்கரையில் அமர்வது அவருக்குப் பேரானந்தம்; பிடித்த மீன்கள் கிளாரா சபைக் கன்னியரின் மடத்துக்குப் போகும். மகள்மாருக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்திருந்தார்: மூத்தவள் மரி ‘வைரம்’, அடுத்தவள் பொலின் ‘முத்து’, செலின் ‘அஞ்சாதவள்’, கடைக்குட்டி தெரேசா ‘சின்ன ராணி’. ராணியின் தந்தை ராஜாவாகத்தானே இருக்க வேண்டும்? அவளும் அவரை அப்படியே அழைத்தாள்.

1877 ஓகஸ்ட் 28ஆம் திகதி செலி மார்பகப் புற்றுநோயால் மரித்தார். லூயிக்கு அப்போது 54 வயது, தெரேசாவுக்கு நான்கு. தாயின் சகோதரர் குடும்பம் அருகிலிருந்தால் ஐந்து பெண்பிள்ளைகளுக்கும் ஆதரவாகும் என்று எண்ணி, தாம் பழகிய ஊரையும் நண்பர்களையும் விட்டு லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். மனைவியை இழந்தவரின் வீடு இருண்டு போவதை நாம் கண்டிருக்கிறோம். இவர் அவ்வாறு போகவிடவில்லை. மாலையில் காயாட்டம், பின்பு ஞான வாசகம், அதன்பின் சின்ன ராணியை மடியில் இருத்திப் பாட்டு, இறுதியில் எல்லோரும் கூடிச் செபம். தாலாட்டு தாய்க்கு மட்டுமே உரியது என்பது நாமாக எழுதிக்கொண்ட சட்டம். பிற்பகல்களில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஏதாவதொரு ஆலயத்தில் நற்கருணை ஆண்டவரைச் சந்தித்துவிட்டு, திரும்பும் வழியில் சில்லறைக் காசுக்கு ஒரு சிறு பரிசு வாங்கிக் கொடுப்பார்.

ஒரு சிறு சம்பவம் என்னை எப்போதும் கவர்வதுண்டு. தோட்டத்திலே விதைகளையும் மரப்பட்டைத் துண்டுகளையும் நீரிலிட்டு, நிறம் ஏறியதும் அதை அழகிய சிறு கோப்பையில் ஊற்றி ‘கஷாயம்’ என்று தந்தையிடம் நீட்டுவாள் சிறுமி. அவர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்துவார், புன்னகையோடு வாங்குவார், குடிப்பதுபோல நடிப்பார். ‘வேலையாக இருக்கிறேன், போ பிள்ளை’ என்ற சொல் அங்கே இல்லை. ஓசேயா ஆகமத்தின் 11ஆம் அதிகாரத்திலே, குழந்தைக்கு நடை பழக்கிக் கைகளில் ஏந்தும் தந்தையாக இறைவன் தம்மையே காட்டுகிறார். இறைவனை அஞ்சாமல் நெருங்கும் சின்ன வழியைத் தெரேசா பின்னாளில் உலகுக்குக் கற்பித்தார். அந்த அச்சமின்மையை அவர் முதலில் பழகியது இந்தத் தோட்டத்தில்தான் என்பேன்.

அவரும் மனிதரே. 1886 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியிலிருந்து களைப்போடு திரும்பியவர், பரிசுக்காக அடுப்பங்கரையில் வைக்கப்பட்ட மகளின் காலணிகளைக் கண்டு, நல்லவேளை இதுவே கடைசி வருடம் என்று சலித்துக்கொண்டார். படியேறிக்கொண்டிருந்த தெரேசாவின் காதில் அது விழுந்தது. அவள் கண்ணீரை விழுங்கிக்கொண்டு இறங்கிவந்து, ஒன்றும் கேளாதவள்போல் ஒவ்வொரு பரிசாக எடுத்துக் காட்ட, தந்தையும் சிரித்துவிட்டார். அன்றிரவு தமக்கு முழுமையான மனமாற்றம் கிடைத்ததாக அவர் எழுதுகிறார்.

1887 மே மாதத்தில் லூயியைப் பக்கவாதம் தாக்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் தெரேசா கார்மேல் மடத்தில் சேர்ந்தார். ஜூனில் தந்தை எவருக்கும் சொல்லாமல் வீட்டைவிட்டுச் சென்று, லு ஆவ்ர் துறைமுக நகரில் கண்டுபிடிக்கப்பட்டார். மூளையின் இரத்தக் குழாய்களைப் பற்றிய நோய் அவருடைய நினைவைச் சிதைத்துக்கொண்டிருந்தது. 1889 பெப்ரவரி 12ஆம் திகதி கான் நகரின் மனநோயாளர் இல்லத்தில் அனுமதிக்கப்பட்டார். அங்கே மூன்று ஆண்டுகளுக்கு மேல். பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகக் கன்னியாஸ்திரிகளானதே தகப்பனின் புத்தியைக் கெடுத்தது என்று ஊரார் பேசினார்கள். ஊர்வாய் எங்கும் ஒன்றே.

நோயாளருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் குருக்களாகிய நாங்கள் இத்தகைய வீடுகளை இங்கும் அறிவோம். அப்பா பின்னறையில் இருக்கிறார். வந்தவர்கள் முன்னிலையில் ஏதாவது பேசிவிடுவாரோ என்று மகள் கதவைச் சாத்துகிறாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நேற்றுவரை எல்லோரையும் சிரிக்கவைத்தவரை இன்று பிறர் பார்த்துச் சிரிப்பதை எந்த மகளால் தாங்க முடியும்? அக்கதவுக்குப் பின்னால் இருக்கும் தந்தையை என்ன செய்வது என்பதே கேள்வி.

தெரேசா கதவைச் சாத்தவில்லை. தம் துறவறப் பெயரோடு ‘திருமுகத்தின்’ என்பதையும் சேர்த்துக்கொண்டார். பாடுகளில் உருவிழந்த கிறிஸ்துவின் முகத்தையே தந்தையின் முகத்தில் கண்டார். சிறுமியாக இருந்தபோது, தந்தை வெளியூர் சென்றிருந்த ஒரு நாளில், தலையைத் துணியால் மூடி, கூனிய முதுகோடு அவரைப்போன்ற ஒருவர் தோட்டத்தில் நடந்து போனதைக் கண்டு அலறியிருந்தார். நோயுற்ற லூயி தலையைத் துணியால் மூடிக்கொண்டபோதே அதன் பொருள் அவருக்கு விளங்கிற்று. அந்தக் கொடிய ஆண்டுகளைக் குடும்பத்தின் பெருஞ்செல்வம் என்றே அவர் மதித்தார்.

1892 மே மாதத்தில் வீடு திரும்பிய லூயியை மடத்துப் பிள்ளைகள் ஒருமுறை காண முடிந்தது. விடைபெறும்போது அவர் விரலை மேலே காட்டி, மோட்சத்தில் சந்திப்போம் என்ற பொருளில் சொன்னார். செலின் இறுதிவரை அவரைப் பராமரித்தார். 1894 ஜூலை 29ஆம் திகதி லூயி உயிர் நீத்தார். 2015 ஒக்டோபர் 18ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் லூயியையும் செலியையும் ஒரே திருச்சடங்கில் புனிதர்களாக அறிவித்தார். அவர்களது திருநாள் ஜூலை 12.

தந்தை மறைந்ததை அடுத்து வந்த குளிர்காலத்தின் ஒரு மாலையில், மடத்தில் தெரேசா சகோதரிகளுக்குச் சிறுவயதுக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். அவற்றை எழுதும்படி அப்போது தலைவியாக இருந்த அக்கா பொலின் பணித்தார். கஷாயக் கோப்பையும் மடியில் கேட்ட பாட்டும் இவ்வாறே ஏட்டில் ஏறின. மடத்தில் சேர அனுமதி கேட்ட மாலையில், தந்தை தோட்டத்து மதிலிலிருந்து ஒரு சிறு வெண்மலரை வேரோடு எடுத்துக் கொடுத்ததையும் எழுதினார். அதைத் தமது ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ நூலுக்குள் வைத்திருந்தார். மலர் இன்னும் அங்கேதான் இருக்கிறது, வேரருகே தண்டு மட்டும் ஒடிந்துவிட்டது என்று 1895இல் குறித்திருக்கிறார்.