டயர் வண்டியா, கட்டை வண்டியா?

சேலம் அம்மாபேட்டையில் என் பெரியப்பா மாட்டு வண்டி வைத்திருந்தார். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வெல்ல மூட்டைகளைக் கூலிக்கு ஏற்றிச் செல்வது அவர் தொழில். பெரியம்மாவின் வளையலை அடகு வைத்து டயர் வண்டி வாங்கலாமா என்ற கேள்வி ஒருநாள் வீட்டில் எழுந்தது.

விலை கூடிய பொருள் எதனால் மேலானது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இரும்புப் பட்டை பூட்டிய மரச்சக்கரம் இளகிய மண்ணில் புதைகிறது. காளைகள் ஓயாமல் மேடேறுவதுபோல் இழுக்க நேர்கிறது. 1888-இல் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரோ பாரத்தை அகலமாகப் பரப்புகிறது. மேடுபள்ளத்துக்கு வளைந்து கொடுக்கிறது. அச்சிலுள்ள பேரிங்கும் உராய்வைக் குறைக்கிறது.

இனிக் கணக்கு. கூடுதல் விலை 300 ரூபாய், ஒரு நடைக்கு மிச்சம் 1 ரூபாய் என்று கொள்வோம். நாள்தோறும் ஓடும் வண்டிக்கு ஓராண்டுக்குள் அது மீளும். அறுவடைக்கென ஆண்டுக்கு 20 நடை மட்டும் ஓட்டுபவருக்கோ 15 ஆண்டுகள் ஆகும். அதற்குள் டயரே வெடிப்புக் கண்டுவிடும். அவருக்குக் கட்டை வண்டியே போதும்.

பெரியப்பா நாள்தோறும் ஓட்டியவர், ஆகவே வாங்கினார். வளையலும் மீண்டது. ஆனால், வண்டி இலகுவாக ஓடுகிறதென்று மூட்டைகளைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு காளையின் கழுத்துப் புண்ணாயிற்று. புண் ஆறும்வரை வண்டியும் நின்றது, கூலியும் நின்றது. "மிச்சத்தில் மாட்டுக்கும் பங்கு உண்டல்லவா?" என்றார் பெரியம்மா. அந்தப் பங்கை விட்டுவிட்டுப் போடும் கணக்கு தவறான கணக்கே.