கரையோரம் ஒரு வண்டி – 2: தனி ஆளுக்கு ரூம் கிடையாது

சேரப்பணஞ்சேரியிலிருந்து கடலுக்குப் போகிறவர் முதலில் ஷிஃப்ட் பஸ்களைத் தாண்ட வேண்டும். விடியற்காலையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை கம்பெனி பஸ்களுக்குத்தான் சொந்தம். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடி பெண்கள் ஒரகடம் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நான் எதிர்த்திசையில், படப்பையைப் பார்த்து.

வண்டி வாங்கிய கதையைப் போன வாரமே சொல்லியாகிவிட்டது. அது பிறந்த இடமும் பக்கத்தில்தான். சென்னையில் 1955-இல் காலூன்றிய ராயல் என்ஃபீல்டு, 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. நாள் முழுக்க இந்த வண்டிக்கு போல்ட் முடுக்குகிற பையன்கள் சிலரை எனக்குத் தெரியும். அதில் ஏறிப் பாண்டிச்சேரி வரைகூடப் போகாதவர்கள். லீவு கிடைத்தால் சொந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள்.

வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம். அங்கிருந்து தெற்கே ஈசிஆர். பெயர்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை, கடல் கண்ணில் படுவது அபூர்வம். மாமல்லபுரம் வரை ரிசார்ட் சுவர்கள் மறைக்கும், அதற்கப்பால் சவுக்குத் தோப்பு. இருசக்கர வண்டிக்குச் சுங்கம் கிடையாது என்பது ஒரு சின்ன சந்தோஷம். கல்பாக்கத்துக்குத் தெற்கே பாலாறு வருகிறது. காஞ்சிபுரத்துக்காரர்களான எங்களுக்கு மணலாகவே பழகிய ஆறு, முகத்துவாரத்தில் அகன்று கிடப்பதைப் பார்த்தால் ஏதோ வேறு ஆறு என்றுதான் தோன்றும்.

கடப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. பத்தே வருஷத்தில் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்துப் போட்டார்கள். நாணயம் அடித்த இடம் என்று இன்று யாராவது சொன்னால்தான் உண்டு. மீதமிருந்த சுவர்களையும் 2004 சுனாமி உலுக்கிவிட்டுப் போனது. அங்கேயே பொழுதைக் கழித்துவிட்டதால் வழியில் ஓர் ஊரில் லாட்ஜ் தேட வேண்டியதாயிற்று.

"கூட யாரும் வரலையாம்மா?"

"இல்லைங்க, தனியாத்தான்."

"அப்போ ரூம் கிடையாதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

தனி ஆளுக்கு ரூம் தரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. மேனேஜரின் பயம் வேறு. தனியாக வந்து கதவைத் தாழிட்டுக்கொள்பவர் காலையில் திறப்பாரா என்ற பயம். திறக்காவிட்டால் போலீஸ், விசாரணை, லாட்ஜுக்குக் கெட்ட பெயர். தனியாக வரும் ஆண்களையும் இப்படித் திருப்பி அனுப்புவதுண்டு. பெண் என்றால் பயத்தோடு சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மரக்காணத்து உப்பளங்களை இருட்டில் கடந்து பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தேன்.

அங்கே நான் தங்கியது ஹாஸ்டல். கல்லூரி ஹாஸ்டல் அல்ல, பயணிகளுக்கானது. பெண்களுக்கான தனி டார்மிட்டரியில் ஆறு படுக்கை, இரண்டடுக்குக் கட்டில், ஆளுக்கொரு திரை, ஒரு லாக்கர், தலைமாட்டில் சார்ஜர் போட ஒரு பிளக். ஆதாரைப் பார்த்தார்கள், கூட யார் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே அங்கு இல்லை. லாட்ஜ்காரரைப் பயமுறுத்துகிற 'தனி ஆள்', ஆறு பேர் அறையில் தனி ஆளே இல்லை. தனியாகப் பயணம் போக விரும்புகிறவருக்குத் தனி அறையைவிடப் பொது அறைதான் உதவுகிறது.

இது வெள்ளைக்காரன் சரக்கு என்று சிலர் நினைக்கலாம். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1912-இல் ஆல்டெனா கோட்டையில் நிலையான முதல் யூத் ஹாஸ்டலை நிறுவினார் என்பது உண்மைதான். ஆனால் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே கூரையின் கீழ் படுத்தெழுவது நமக்குப் புதிதல்ல. இதே கடலோரத்தில் ராமேஸ்வரம் போகும் வழியெங்கும் தஞ்சை மராட்டியர்களின் சத்திரங்கள் இருந்தன. அவற்றைத் தன்னிடமே விட்டுவைக்கும்படி மன்னர் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதினார். யாத்ரீகர்களுக்குச் சோறு, நோயாளிக்கு வைத்தியம், வழியில் பிரசவம் ஆனவளுக்குப் பராமரிப்பு என்று அந்தக் கடிதம் அடுக்குகிறது. பந்தி சாதி பார்த்துத்தான் விரிந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். டார்மிட்டரியில் அந்தக் கணக்கு இல்லை, காசுக் கணக்கு மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் ஹாஸ்டல் என்றால் எவர் மனதிலும் கடற்கரை வராது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது ஞாபகம் வரும். விடுதிச் சாப்பாடு நஞ்சாகி நூற்றுக்கணக்கானோர் விழுந்தபிறகு வெடித்த மறியல் அது. தரையில் நெருக்கியடித்துப் படுத்த கதையெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. அதன் பின் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதிகள் திறக்கப்பட்டன. 13 கட்டடம், கட்டடத்துக்கு 240 அறை, அறைக்கு ஆறு பேர். பாண்டிச்சேரியில் நான் காசு கொடுத்துத் தேடிப் படுத்த அறையிலும் அதே ஆறு பேர்தான்.

என் மேல் கட்டிலில் இருந்த பெண் அப்படியொரு கம்பெனி விடுதியிலிருந்து வந்தவள். எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டாம் என்றாள். வார லீவு, அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, அக்காவையே வார்டனிடம் போனில் பேச வைத்திருக்கிறாள். பாண்டிச்சேரியில் அவளுக்கு ஆச்சரியம் கடல் அல்ல, ராத்திரி பத்து மணிக்குக் கையில் சாவியோடு வெளியே போக முடிந்ததுதான்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். தாம்பரத்தில் ஒன்று 2023-இல் திறந்தது. கைரேகை வைத்து எந்நேரமும் உள்ளே வரலாம், சில நாட்கள் மட்டும் தங்கவும் இடமுண்டு. தனியாக ஊர் சுற்றும் பெண்களுக்கும் அது ஒரு வழி, இதைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். அவள் கேட்டது வாடகையை. இப்போது அவளுக்குக் கட்டிலும் பஸ்ஸும் கம்பெனி கொடுக்கிறது. வேலையை விட்டால் இரண்டும் போகும்.

மறுநாள் மத்தியானமே அவள் பஸ் ஏறிவிட்டாள், சாயங்காலம் ஆறரைக்குள் கேட்டுக்குள் இருக்க வேண்டுமாம். அடுத்து கடலூர், பரங்கிப்பேட்டை.

(தொடரும்)