சங்கத்துக் கொப்பி எங்கே இருக்கிறது?

மழைக்காலம் வருகிறதென்றால் கூரைத் தகரத்தைப் பார்க்கிறோம், கானை வெட்டி விடுகிறோம். நமது மரண உதவிச் சங்கத்தின் கொப்பியை மட்டும் யாரும் நினைப்பதில்லை. பொருளாளர் வீட்டு அலுமாரியில்தானே இருக்கு, என்ன ஆகப் போகுது என்று இருந்துவிடுகிறோம்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. எத்தனை பேர் அகப்பட்டார்கள் என்று முதல் நாட்களில் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. நூற்றுக்கணக்கில் சொன்ன தொகை பிறகு மாறி மாறிக் குறைந்தது. தப்பியவர்கள் பலர் உடுத்திய துணியோடு நின்றார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அதைப் பேசினால் வயிறு எரியும்.

அப்படியொரு நாளில் எது போனால் திரும்பக் கிடைக்கும்? பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். அடையாள அட்டைக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். தோட்ட ஆபீஸே போனாலும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டிய காசு மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது. அங்கத்துவ இலக்கம் கையில் இருந்தால் அலைச்சல் குறையும்.

சங்கக் கொப்பி அப்படியில்லை. யார் எத்தனை மாதம் சந்தா கட்டினார்கள், யாரிடம் கடன் நிற்கிறது என்பதெல்லாம் அந்த ஒரே கொப்பியில்தான். அதற்கு நகல் கொழும்பிலும் இல்லை, கச்சேரியிலும் இல்லை. சாவு விழுந்த வீட்டுக்கு உடனே காசு கொடுக்க வேண்டிய சங்கம் இது. கொப்பி போய்விட்டால் இருபது வருஷம் கட்டின பாட்டியையும் போன மாதம் சேர்ந்தவரையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? துக்க வீட்டு வாசலிலேயே சண்டை வரும்.

ஆகவே இரண்டாவது கொப்பி ஒன்று போடுங்கள். சந்தா வாங்கும் அன்றே இரண்டிலும் எழுதிவிட வேண்டும். பிறகு எழுதுவோம் என்றால் எழுதவே மாட்டோம். அதை அடுத்த லயத்தில் வைத்துப் பிரயோசனமில்லை, அதுவும் அதே மேட்டில்தானே நிற்கிறது! வேறு டிவிசனில் உள்ள அங்கத்தவர் ஒருவர் வீட்டில் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். போனில் படம் எடுத்தால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் போனும் அதே காம்பராவில்தான் கிடக்குது. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். பாங்கில் ஒருவர் கையெழுத்து மட்டும் இருந்தால், அவருக்கு ஏதும் நடந்தால் காசு முடங்கிவிடும். இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்காம்பராவில் உள்ள பெயர்ப் பட்டியலுக்கும் இதே மாதிரி ஒரு நகல் வேண்டும்.

மழையின் அளவை ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும். 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும். முதல் 75இலேயே கொப்பியைப் பையில் போட்டுக் கதவோரம் வைத்துவிடுங்கள். வெளியேறிய பிறகு அதை எடுக்க யாரும் திரும்பி ஓட வேண்டாம், மற்றது வேறு டிவிசனில் பத்திரமாக இருக்கிறது. உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் கூப்பிடலாம்.