கடம் முன்வரிசைக்கு வந்த கச்சேரி

1975 ஜூலை 5. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் உள்ள சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் ஒரு கச்சேரி. மேடையில் ஐந்து பேர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் கிடார், இன்னொருவர் கையில் வயலின். தபலா, மிருதங்கம், கடம் என்று தாளத்துக்கு மட்டும் மூன்று பேர். அன்று ஒலிப்பதிவான அந்தக் கச்சேரிதான் அடுத்த ஆண்டு கொலம்பியா நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்தது. குழுவின் பெயர் சக்தி.

கிடார் வாசித்தவர் ஜான் மெக்லாக்லின். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் 1942இல் பிறந்தவர். 1969இல் அமெரிக்கா போனதும் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்தார். பிறகு மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கினார். மின்சார கிடாரும் பேரிகைகளும் அதிரும் குழு அது. ராக் ரசிகர்கள் அரங்கம் அரங்கமாகத் திரண்டார்கள். புகழின் உச்சியில் இருந்த அப்படிப்பட்டவர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நம்மூர் வித்வான்களோடு தரையில் வந்து அமர்ந்தார். இது ஓர் இரவில் நடந்த மாற்றம் என்று நினைத்தால் தவறு. பல ஆண்டுகள் அவர் மாணவராக இருந்தார். சக்தி எப்படி உருவானது என்ற கேள்விக்கு விடை அந்த மாணவப் பருவத்தில் இருக்கிறது.

அந்தப் படிப்பு நடந்த இடம் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் என்ற சிறு நகரம். அங்குள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிரவுன் என்ற பேராசிரியர் உலக இசைக்கென்று ஒரு துறையை வளர்த்தார். ஆசிய, ஆப்பிரிக்க இசைகளைப் புத்தகத்திலிருந்து நடத்தாமல், அந்தந்த நாட்டு வித்வான்களையே அழைத்துவந்து எதிரில் உட்காரவைத்துக் கற்பிப்பது அவர் முறை. முதலில் போனவர்களில் மிருதங்க வித்வான் டி. ரங்கநாதன் முக்கியமானவர், நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் தம்பி. இன்னொரு தம்பியான புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் அங்கே ஆசிரியரானார். பாடகர் ராமநாதபுரம் கிருஷ்ணனும் 1960களில் அங்கே கற்பித்தார். ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் தியாகராஜர் கீர்த்தனைகளைப் பாடி ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று பெயர் வாங்கியதற்கு வித்திட்டதும் அந்த வளாகம்தான்.

அங்கே மெக்லாக்லினுக்கு வீணை சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் எஸ். ராமநாதன். பாடகர், வீணைக் கலைஞர், ஆராய்ச்சியாளர் என மூன்று முகமும் கொண்டவர். சிலப்பதிகாரத்தின் இசை பற்றிய ஆய்வுக்கு அதே வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்றவர். அரங்கேற்று காதையின் யாழையும் பண்ணையும் ஆராய்ந்த ஒருவரிடம், உலகமே திரும்பிப் பார்த்த ஒரு ராக் கிடார் கலைஞர் பாடம் கேட்டார். இந்த ஒரு காட்சிக்காகவே சக்தியின் கதையைத் தமிழில் திரும்பத் திரும்பச் சொல்லலாம்.

வீணை அவருக்கு எதைக் கற்றுக்கொடுத்தது என்பதைப் பின்னால் அவர் செய்துகொண்ட கிடாரிலேயே பார்க்க முடியும். வீணையில் மெட்டுகளின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் பிறக்கிறது. சாதாரண கிடாரில் தந்தியை அவ்வளவு இழுக்க வழியில்லை. விரல் பலகையில் முட்டிவிடும். கிப்சன் நிறுவனத்தில் இருந்த ஏப்ரஹாம் வெக்டர் என்ற கைவினைஞர், மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கி அவருக்கென்று ஒரு கிடார் செய்தார். வழக்கமான ஆறு தந்திகளுக்குக் கீழே, ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு தந்திகள். சுருதிக்காக மீட்டவும், தானாக அதிரவும் அவை உதவின. மெக்லாக்லின் வீணை வித்வானாக ஆசைப்படவில்லை. வீணையிடம் கேட்டதைத் தன் வாத்தியத்தில் கொண்டுவர விரும்பினார். அதற்காக அந்த வாத்தியத்தின் உடம்பையே மாற்றினார்.

வயலின் வாசித்த எல். சங்கருக்கு அப்போது வயது 25. சென்னையில் பிறந்தவர், தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்து இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்ததால் பிள்ளைப்பருவம் அங்கே கழிந்தது. 1958 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னை திரும்பியது. அண்ணன்கள் இருவரும் பெயர் பெற்ற வயலின் கலைஞர்கள்: ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்த எல். வைத்தியநாதன், உலக மேடைகளில் புகழ்பெற்ற எல். சுப்ரமணியம். மூவரும் சேர்ந்து வயலின் கச்சேரிகளும் செய்தார்கள். மேற்படிப்புக்காக சங்கர் போய்ச் சேர்ந்ததும் வெஸ்லியனுக்குத்தான். மெக்லாக்லினோடு நட்பு அங்கே தொடங்கியது.

வயலின் ஐரோப்பாவில் பிறந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அதைக் கற்று, கர்நாடக இசைக்குப் பழக்கினார். நின்றுகொண்டு தோளில் வைத்து வாசித்ததை நாம் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கிறோம். ஆங்கிலேயர் வீணைப் பாடம் கேட்க, யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் ஐரோப்பிய வாத்தியத்தை எடுத்தார். இதில் கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மிருதங்கத்தில் ராமநாதபுரம் ராகவன். அவரும் வெஸ்லியன் ஆசிரியர். ஆக, ஐவரில் மூவரை அந்த ஒரு வளாகம் கோத்துக் கொடுத்துவிட்டது.

நான்காமவர் அமெரிக்காவின் மறுகரையிலிருந்து வந்தார். கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் சரோட் மேதை அலி அக்பர் கான் நடத்திய இசைக் கல்லூரியில் ஜாகிர் உசேன் என்ற மும்பை இளைஞர் தபலா கற்பித்தார். 1951இல் பிறந்தவர், தபலா மேதை அல்லா ரக்காவின் மகன். கான் வீட்டுக் கூடத்தில் மெக்லாக்லினும் ஜாகிரும் சேர்ந்து வாசித்ததுதான் தங்கள் உறவின் தொடக்கம் என்று பின்னாளில் இருவருமே நினைவுகூர்ந்தார்கள்.

ஐந்தாமவர் டி.எச். விநாயக்ராம். எல்லோருக்கும் விக்கு. தந்தை டி.ஆர். ஹரிஹர சர்மா 1958இல் சென்னையில் ஜெய கணேஷ் தாள வாத்திய வித்யாலயாவைத் தொடங்கியவர். மகன் பதின்மூன்று வயதில் கச்சேரி மேடை ஏறினார். தூத்துக்குடியில் ராமநவமி உற்சவம், பாட்டு வி.வி. சடகோபன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சக்தியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கிழக்கும் மேற்கும் சந்தித்ததாக எழுதி முடித்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய சந்திப்பு தபலாவுக்கும் கடத்துக்கும் நடந்தது. இந்துஸ்தானிக் கச்சேரியில் தபலாக்காரர் தேகா என்ற தாள அமைப்பை விடாமல் வாசிப்பார்; பாடுபவர் அதைப் பிடித்துக்கொண்டு எங்கும் போய் வரலாம். இங்கே, கர்நாடகக் கச்சேரியில், தாளத்தைக் கையால் போடுகிறோம். பாடகர் போடுவார், முன்வரிசை ரசிகர்களும் போடுவார்கள். அதனால் மிருதங்கம் தாளத்தைச் சுமக்காமல் பாட்டின் சொல்லோடும் நடையோடும் கூடவே போகும். இரண்டும் தலைகீழான பழக்கங்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வடக்கும் தெற்கும் ஒன்றையொன்று மரியாதையாகத் தள்ளி நின்றே பார்த்தன.

சேர வைத்தது கணக்கு. வடக்கே ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்துச் சரியாகத் தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து முடிப்பதைத் திஹாய் என்பார்கள். கோர்வை என்ற நம் சொற்கட்டுக் கோப்பின் முடிவிலும் அதே மூன்று உண்டு. ஜாகிரின் தந்தை அல்லா ரக்காவே தென்னகத்து லயக் கணக்கில் ஆர்வம் கொண்டவர். அந்த வாசல் வழியாக மகன் நுழைந்தார். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் விக்கு ஒரு சொல்லை வீச, ஜாகிர் அதைத் தபலா மொழியில் திருப்பித் தர, அந்த விளையாட்டை மெக்லாக்லினும் கிடாரில் பிடித்துக்கொண்டார். தகதிமி, தகஜொணு தெரிந்த எந்தக் குழந்தையும் இதைத் தொடர முடியும். ஐந்து பேருக்கும் பொதுவான தாய்மொழி எதுவும் இருக்கவில்லை. சொற்கட்டு அந்த வேலையைச் செய்தது.

கடத்தின் கதை இன்னும் சுவையானது. நம் கச்சேரி மேடையில் அது உபபக்கவாத்தியம். மிருதங்கம் வாசித்த பிறகு வாசிக்க வேண்டும். மிருதங்க வித்வான் கண்ணசைத்தால்தான் பல இடங்களில் கையே வைக்க முடியும். தனி ஆவர்த்தனத்தில் கிடைக்கும் சில நிமிடங்கள்தான் அதற்குச் சொந்தம். முதல் இசைத்தட்டுக்குப் பிறகு ராகவன் குழுவிலிருந்து விலகினார். மேடையில் நால்வர் ஆனார்கள், மிருதங்கம் இல்லை. மற்ற மூவரோடு சரிசமமாக, அதே வரிசையில், ஒரு மண்பானை.

அந்தப் பானையின் ஊர் நமக்குத் தெரிந்ததுதான். வைகைக் கரை மானாமதுரையின் மண்ணுக்கு ஒரு கணீர் ஒலி உண்டு. சக்கரத்தில் வனைந்த பானையை உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்குகிறார்கள். சூளையில் வெந்து வந்த பிறகு சுருதியைப் பெரிதாக மாற்ற முடியாது. அதனால்தான் ஒரு கட்டை சுருதிக்கு ஒரு கடம், அரைக் கட்டைக்கு இன்னொன்று என்று வித்வான்கள் பல கடங்கள் வைத்திருக்கிறார்கள். மானாமதுரையில் தலைமுறை தலைமுறையாகக் கடம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த மீனாட்சி அம்மாளுக்கு சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்திருக்கிறது. 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. விக்கு அந்தப் பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலியை எழுப்புவார். கழுத்தில் விரல் நுனி பட்டால் உலோகம் போல ஒலிக்கும். உச்சத்தில் கடத்தை மேலே வீசிப் பிடித்து, தாளம் தப்பாமல் அடுத்த அடியை வைப்பார். அயல்நாட்டு ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நால்வர் சக்தி 1976இல் லண்டனில் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, 1977இல் ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ என இரண்டு தட்டுகள் தந்தது. விற்பனை பெரிதாக இல்லை. அதிரும் கிடாரை எதிர்பார்த்த நிறுவனத்துக்கு இந்த வேகமான, மென்மையான இசையை எந்த அலமாரியில் வைப்பதென்று தெரியவில்லை. 1978இல் குழு கலைந்தது. விக்கு உலகமெங்கும் கடத்தைக் கொண்டுபோனார். அவரும் ஜாகிரும் வாசித்த ‘பிளானட் டிரம்’ தட்டு, உலக இசைக்கென்று கிராமி தொடங்கிய விருதை முதன்முதலாக வென்றது. சங்கர் பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினை வடிவமைத்து, பீட்டர் கேப்ரியல் போன்றோருடன் வாசித்தார்.

சென்னைக்குத் தெற்கே, சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்புபவர்களுக்கு இந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. பாடலாத்ரி நரசிம்மரின் பல்லவர் காலத்துக் குடைவரைக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் அந்தச் சாலை போய்ச் சேரும் ஒரகடத்தில், 2010இல் ரெனோ நிஸான் ஆலையும் 2012இல் டைம்லர் ஆலையும் இயங்கத் தொடங்கின. ஷிப்டு பஸ்களில் ஒடியாவும் போஜ்புரியும் தமிழும் கலந்து கேட்கின்றன. ஆலைக்குள் ஜப்பானியரும் ஜெர்மானியரும் கொரியரும். இத்தனை பேர் ஒரே ஊரில் வாடகைக்கு இருக்கிறார்கள், ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள். பக்கத்து அறையில் ஒலிக்கும் பாட்டின் பெயர் மட்டும் தெரியாது. பக்கத்தில் வசிப்பதால் மட்டும் இசை சேர்ந்துவிடுவதில்லை. வெஸ்லியனில் ஒரு வகுப்பறை இருந்தது, சான் ரஃபேலில் ஒரு கூடம் இருந்தது. கற்பவரும் கற்பிப்பவரும் நேருக்கு நேர் உட்கார நேரம் இருந்தது. பக்கவாஜ் வாசிக்கும் ஒடிசா இளைஞரும் பறை அடிக்கும் செங்கல்பட்டு இளைஞரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார ஒரு கூடம் இந்த வட்டாரத்துக்கு வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஓர் ஆலையின் கணக்கில் தூசு.

சக்தி மறுபடி எழுந்தது 1997இல். ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மெக்லாக்லின், ஜாகிர், விக்கு ஆகியோருடன் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா சேர்ந்து இங்கிலாந்தில் வாசித்தார்கள். அடுத்த கட்டத்தில் இரண்டு சென்னைக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். இன்னொருவர் விக்குவின் மகன் வி. செல்வகணேஷ், கையில் கஞ்சிரா. கஞ்சிராவும் உபபக்கவாத்தியம்தான், தந்தை கடத்துக்குப் பெற்ற இடத்தை மகன் சிறிய ஒற்றைத் தோலுக்குப் பெற்றுத் தந்தார். ‘வெண்ணிலா கபடி குழு’ படத்தின் இசையமைப்பாளராகத் தமிழ் ரசிகர்கள் அறிந்தவரும் இவரே. பிறகு பாடகர் சங்கர் மகாதேவன் வந்ததும், வாத்தியங்களே ஆண்ட குழுவில் குரலுக்கும் இடம் பிறந்தது. 2014 செப்டம்பரில் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் மறைந்தது ஈடுசெய்ய முடியாத இழப்பு. மெக்லாக்லினுக்கும் சென்னைக்குமான பாலம் அதற்கு முன்பே உறுதிப்பட்டிருந்தது. அவருடைய 2008ஆம் ஆண்டுத் தட்டு ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’ சென்னையிலேயே பதிவானது. செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் பாடத்தை ஒரு டிவிடியாகவும் வெளியிட்டார்.

2023இல், குழு உருவானதிலிருந்து கணக்கிட்ட பொன்விழாப் பயணம். மெக்லாக்லின், ஜாகிர், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ் ஆகியோருடன் கணேஷ் குமரேஷ் சகோதரர்களில் மூத்தவரான வயலின் கணேஷ் ராஜகோபாலன். அந்த ஆண்டு வெளிவந்த ‘திஸ் மோமென்ட்’ 2024 பிப்ரவரியில் கிராமி வென்றது. அன்று இரவு மட்டும் ஜாகிருக்கு மூன்று கிராமி. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் காலமானார். மெக்லாக்லினோடு தொடக்கம் முதல் கடைசிவரை சக்தியில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

இதுவரை சக்தியைக் கேட்டிராதவர்கள் முதல் தட்டின் ‘லோட்டஸ் ஃபீட்’டிலிருந்து தொடங்கலாம். சிறியது, நிதானமானது; வயலினும் கிடாரும் ஒரே மெட்டைக் கைமாற்றிக்கொள்வது தெளிவாகக் கேட்கும். அடுத்து இரண்டாவது தட்டின் ‘லா டான்ஸ் டு போன்ஹர்’. கொன்னக்கோலில்தான் தொடங்குகிறது. தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். கடைசியாக முதல் தட்டின் ‘ஜாய்’. பதினெட்டு நிமிடம், சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் அன்று ஐந்து பேரும் முழு வேகத்தில் வாசித்தது. அதற்கு மட்டும் நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். கடத்தின் கும்கி கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்காது.